பொறுப்புச்சுமை: ‘மென்டல் லோட்’ என்பதற்குத் தமிழ்

உளுந்தை அரைப்பது வேலை. நாளை மறுநாள் காலைக்கு மாவு இருக்காது, இன்றைக்கே ஊறப்போட வேண்டும் என்று அலுவலகப் பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது நினைவுக்கு வருகிறதே, அதற்குப் பெயர்தான் ‘மென்டல் லோட்’. குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போவது வேலை. ஒன்பதாம் மாத ஊசி எந்தத் தேதியில் வருகிறது, அட்டை எந்த அலமாரியில் கிடக்கிறது, ஊசி போட்ட இரவு காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து இருக்கிறதா என்பதெல்லாம் மென்டல் லோட். வீட்டில் எது எப்போது நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே நினைத்து, ஆளைப் பார்த்துச் சொல்லி, நடந்ததா என்று திரும்பிப் பார்ப்பது வரை எல்லாம் இதற்குள் அடக்கம்.

விமானி போன்றவர்களின் மூளை ஒரே நேரத்தில் எவ்வளவு தாங்கும் என்று அளக்கும் ஆய்வுகளில் புழங்கிய சொல் இது. இதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பிரெஞ்சு சமூகவியலாளர் மோனிக் எக்கோ. 1984இல் எழுதிய கட்டுரையில், வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அலுவலகமும் வீடும் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதில்லை, இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அவள் தலைக்குள்ளேயே ஓடுகின்றன என்றார். பிரெஞ்சில் அது ‘ஷார்ஜ் மான்தால்’. நெடுநாள் ஆய்வாளர்களுக்குள்ளேயே கிடந்த சொல்லைத் தெருவுக்கு இழுத்து வந்தவர், எம்மா என்ற பெயரில் வரையும் பிரெஞ்சுப் படக்கதைக்காரர். 2017இல் வந்த அவருடைய படக்கதையில் மனைவி ஒருபக்கம் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள், மறுபக்கம் அடுப்பில் பாத்திரம் பொங்கி வழிகிறது. வந்து பார்க்கும் கணவன் சொல்வதை நம்மூர்ப் பேச்சில் எழுதினால், “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல?”

அந்த ‘சொல்லியிருந்தா’வில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்வதும் ஒரு வேலை என்று அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்க சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி, 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வேலையை நான்காகப் பிரித்தார்: முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்களுக்கும் ஓரளவு பங்கு இருந்தது. முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும்தான் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்தன. எந்தப் பள்ளி என்று முடிவுசெய்ய அப்பா வருவார், விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று அம்மாதான் தெரிந்து வைத்திருப்பார் என்று நாம் படித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். இது செய்த வேலைக்கான கணக்கு. பேருந்தில் உளுந்தை நினைத்ததை யார் போய் நிமிடமாகச் சொல்லப்போகிறார்கள்?

இதற்குத் தமிழில் ‘மனச்சுமை’ என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் சரி, பொருள் தவறு. தமிழில் மனசு பாரமாக இருக்கிறது என்றால் துக்கம், ஏக்கம், யாரிடமும் சொல்ல முடியாத வருத்தம். “எனக்கு மனச்சுமை” என்று ஒருத்தி சொன்னால் “கோயிலுக்குப் போய்ட்டு வாம்மா, சரியாயிடும்” என்றுதான் பதில் வரும். அவள் செய்யும் வேலையை அவள் படும் கவலையாக அந்தச் சொல் மாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றால், ‘மென்டல்’ என்பது நம் தெருவில் ஏற்கெனவே வசவாகிவிட்டது. ‘அறிதல்சார் உழைப்பு’ பாடப்புத்தகத்துக்கு ஆகும், அடுப்படிக்கு ஆகாது.

நான் ‘பொறுப்புச்சுமை’ என்று சொல்வேன். பொறு என்றால் தாங்கு, சும. அதிலிருந்து வந்ததுதான் பொறுப்பு, அதிலிருந்து வந்ததுதான் பொறுமையும். அதே வேரில் ‘பொறை’ என்ற பழைய சொல்லுக்குப் பாரம், பொறுமை, கருப்பம் என்று பல பொருள். பிள்ளை பெறுவதைப் ‘பொறையுயிர்த்தல்’ என்றார்கள். சுமப்பது, சகிப்பது, கருவில் தாங்குவது, வீட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஒரே வேரில் தொங்குகின்றன. தோண்டுகிறவனையும் தாங்கும் நிலத்தைப் பொறுமைக்கு உவமை சொன்ன குறள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் ‘பூமாதேவி மாதிரிப் பொறுமை’ என்ற பாராட்டு எந்த மாப்பிள்ளைக்காவது கிடைத்து நான் கேட்டதில்லை.

பொறுப்பு மாப்பிள்ளைக்கு வேறுவிதமாக வரும். ஊர் சுற்றும் பையனைப் பார்த்து, “ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா பொறுப்பு வந்துடும்” என்பார்கள். பொறுப்பு வீட்டுக்கு வருவது உண்மைதான், மருமகள் உருவத்தில்.

சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இறக்கிவிட இன்னொரு ஆளைத் தேடாமல், நின்றபடியே சுமையைத் தள்ளி வைத்து இளைப்பாறலாம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டுவைக்கும் வழக்கம் தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தது. சுமையை இறக்காமலே போனவளுக்காக, வருகிற போகிறவர்கள் இறக்கிக்கொள்ள ஓர் இடம். எனக்குச் ‘சுமை’ என்ற பாதி வேண்டியிருப்பது இந்தக் கல்லால்தான். வெறும் ‘பொறுப்பு’ என்று நிறுத்தினால் அது நல்ல பெண்ணுக்குத் தரும் சான்றிதழ் ஆகிவிடும். சுமை என்றால் எடை உண்டு, இறக்கவும் முடியும்.

கூடவே, கணவர்கள் பெருமையாகச் சொல்லும் ‘உதவி’ என்ற சொல்லையும் இந்த இடத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரருக்குத்தான் உதவுவார்கள்.

“பாத்திரத்தை நீங்க கழுவிடுங்க” என்பது வேலையைப் பங்கிடுவது. “இந்த வாரம் அடுப்படி உங்க பொறுப்பு, என்ன சமைக்கறதுன்னு என்கிட்ட கேக்கக் கூடாது” என்பதுதான் பொறுப்புச்சுமையைப் பங்கிடுவது. என் தோழி ஒருத்தி இரண்டாவதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள் மத்தியானம், கூட்டத்தின் நடுவில் போன். பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறதாம்.