டிப்பருக்கு முன்னால் அரைக் கிலோ

இந்தக் கோடையில் இது நான்காவது தோட்டம். நொய்யலோரக் குளம் ஒன்றில் கரம்பை (குளத்தடி வண்டல்) எடுத்து இரண்டு ஏக்கர் செம்மண் காட்டில் பரப்பிவிட்டு, "ஏனுங்க, வெங்காயம் முளைச்சு வர வர நுனி கருகுதுங்க" என்று மண் பையோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார் ஒரு பெரியவர். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3.4 டெசிசீமென்ஸ். மூன்றைத் தாண்டினாலே பயிருக்குக் கேடு. காட்டில் வெள்ளை பூத்ததா என்று கேட்டேன். "ஆமாங்க, சுண்ணாம்புன்னு நெனச்சேன்."

சரி, கொட்டும் முன் ஏன் சோதிக்கவில்லை?

"தாசில்தாரே அனுமதி குடுத்துட்டாருங்களே!"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி, குளத்து வண்டலை விவசாயி தன் நிலத்துக்குக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். ஏக்கருக்கு நஞ்சையில் 75 கன மீட்டர், புஞ்சையில் 90. முன்பு ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தோம். 2024இல் விதியைத் திருத்தி, வட்டாட்சியரே கொடுக்கலாம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தத் தாளைப் படித்தீர்களா? யார், எந்தக் குளத்தில், எவ்வளவு அள்ளலாம் என்றுதான் இருக்கும். உப்பு எவ்வளவு என்று ஒரு வரி இருக்காது. அது கனிமம் அள்ளுவதற்கான விதி. தாசில்தார் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டா கையெழுத்துப் போடுகிறார்?

"தாத்தா காலத்துல இருந்து போடறமுங்க" என்பது அடுத்த பதில். தாத்தா காலத்துக் குளத்தில் மழைத் தண்ணீரும் ஆட்டுப் புழுக்கையும் வந்து சேர்ந்தன. அப்புறம் சாயத்தண்ணீர் வந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்குப் போனது. மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்காக, அடியில் படிந்தது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடாது. எல்லாக் குளமும் கெட்டது என்று சொல்லவில்லை. மழைநீர் மட்டும் தேங்கும் குட்டையின் கரம்பை, சரளைக் காட்டுக்கு ஈரம் பிடித்துவைக்கும். நானே போடச் சொல்வேன். ஏற்கெனவே களிமண்ணாகக் கிடக்கும் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்களை என்ன சொல்ல!

குளத்தில் நான்கைந்து இடங்களில், அள்ளப்போகும் ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ கொண்டு வாருங்கள். உங்கள் காட்டிலிருந்தும் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்த மண் அரைக் கிலோ. வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுக்காதீர்கள். தயவுசெய்து யூரியா சாக்கில் கொண்டு வராதீர்கள், போன வாரமும் ஒருவர் வந்தார். முடிவு கைக்கு வந்த பிறகு ஜேசிபிக்குச் சொல்லுங்கள். டிப்பர் வாடகைக்கு முன் சோதனைச் செலவெல்லாம் ஒரு காசா?

கொட்டிவிட்டவர்கள் ஓடிப்போய் ஜிப்சம் வாங்க வேண்டாம். சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் அது கேட்கும், எல்லா உப்புக்கும் கேட்காது. பெரியவருக்கு மேல் மண்ணை வழிக்கச் சொன்னேன். மிச்ச உப்பு நல்ல தண்ணீரில் கரைந்து இறங்கட்டும், அப்புறம் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். வழிப்பதற்கு அதே டிப்பரைத்தான் மறுபடி வாடகைக்குப் பிடித்திருக்கிறார். வழித்ததை அடுத்தவர் காட்டோரம் தள்ளிவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.