ஏரிக்கரையில் வான்கோழி வேட்டை: மிசௌரியின் பொது நில விதிகள்

மயிலைப் பார்த்து ஆடியது என்று நாம் கேலி பேசும் வான்கோழிக்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஏப்ரல் மாதம் வந்தால் தனி மவுசு. காட்டு வான்கோழிச் சேவல் வாலை விரித்து நிஜமாகவே ஆடும். அப்போது அதன் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். இந்த மூன்று நிறங்களை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

சொந்தமாக ஒரு ஏக்கர்கூட இல்லாதவரும் அங்கே வேட்டைக்குப் போகலாம். ஓசேஜ் ஆற்றின் குறுக்கே கட்டிய ட்ரூமன் ஏரியை எடுத்துக்கொள்வோம். அணையும் கரை நிலமும் ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பில் இருக்கின்றன. சில பகுதிகளை மாநில வனவிலங்குத் துறை பராமரிக்கிறது. இரண்டும் பொது நிலம்தான், ஆனால் விதிப் பலகைகள் வேறு. பொறியாளர் படை நிலத்தில் வேட்டைக்கு அனுமதி உண்டு என்பது பொது விதி. முகாம் இடங்கள், அணைப் பகுதி போன்றவற்றை அவர்கள் மூடி வைத்திருப்பார்கள். அதனால் வரைபடத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

உரிமம் இல்லாமல் எதுவும் நடக்காது. 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்து, 16 வயது நிரம்பியவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். நம்மவர்களில் பலர் கவனிக்காத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. "நான் சுடப் போவதில்லை, நண்பரோடு சும்மா போகிறேன்" என்று கிளம்பி, வழியில் அவர் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பிடிப்பதும் சிக்கல்தான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

வசந்தகால சீசன் வழக்கமாக ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கும். ஒருவருக்கு மொத்தம் இரண்டு பறவை. முதல் வாரத்தில் ஒன்றுதான், ஒரே நாளில் இரண்டு கூடாது. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்பே தொடங்கலாம். பொது நிலத்தில் மதியம் 1 மணிக்கு நிறுத்திவிட வேண்டும். சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் துப்பாக்கி என்றால் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது. இரை தூவுவது, ஒலிப்பதிவைப் போட்டு அழைப்பது இரண்டும் தடை.

இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. வேட்டை நடக்கும் விதம்தான் உண்மையான ஆபத்து. உடல் முழுக்கப் பச்சை, பழுப்பு உடை. முகத்துக்கும் வலை. அசையாமல் உட்கார்ந்து பெட்டைக் கோழி போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பார்கள். இருட்டு விலகாத நேரம், அதே காட்டில் இன்னொருவரும் அதே குரலைக் கொடுத்துக்கொண்டிருப்பார். நீங்கள் கேட்கும் கோழிச் சத்தம் கோழியுடையதாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் சத்தம் வரும் திசையில் பதுங்கிப் போகவே கூடாது. உட்கார்ந்த இடத்துக்குப் பறவை வரட்டும்.

உட்காருவதற்கு உங்கள் தோளைவிட அகலமான மரமாகப் பாருங்கள், முதுகுப் பக்கம் பத்திரமாக இருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடலில் தெரியக் கூடாது. சட்டைக்குள் போட்ட வெள்ளை பனியன், சிவப்புக் கைக்குட்டை, நீலத் தொப்பி, எல்லாமே தூரத்தில் சேவல் தலைபோலத் தெரியும். வேறொருவர் உங்கள் பக்கம் வருகிறார் என்றால் கையை ஆட்டாதீர்கள், அந்த அசைவே பறவையாகத் தோன்றும். "இங்கே ஆள் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைய வேட்டை போச்சே என்று தோன்றும்தான், போகட்டும். சேவலை ஏமாற்றி வரவழைக்க வைக்கும் பொம்மை வான்கோழியைத் தூக்கிப் போகும்போது பைக்குள் மூடி வையுங்கள். சேவல் குரலில் கூவுவதைப் பொது நிலத்தில் அடியோடு தவிர்ப்பது நல்லது. அந்தக் குரல் பறவையைவிட வேட்டைக்காரரைத்தான் முதலில் இழுத்து வரும்.

மரியாதை என்று தனியாக ஒன்றுமில்லை, பாதி இதிலேயே அடங்கிவிட்டது. வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கெனவே ஒரு கார் நின்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள். ஒருவர் அழைத்துக்கொண்டிருக்கும் சேவலுக்கும் அவருக்கும் நடுவில் போய் உட்காராதீர்கள். முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை, ஆனாலும் எல்லாரும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

தண்ணீருக்கு வருவோம். பொறியாளர் படை நிலத்தில் வேட்டை இடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. படகுப் பயணமும் இதில் சேர்த்திதான். படகில் தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருப்பது சட்டம், அதை மாட்டிக்கொள்வது புத்தி. ஏப்ரல் தண்ணீர் உறைய வைக்கும், கனமான பூட்ஸோடு விழுந்தால் நீச்சல் தெரிந்தவருக்கும் கஷ்டம். இது வெள்ளக் கட்டுப்பாட்டு ஏரி. மழைக்கு நீர்மட்டம் ஏறினால், நீங்கள் படகைக் கட்டிய மரமே தண்ணீருக்குள் நிற்கும்.

அது கிராப்பி மீன் கரையோரம் வரும் பருவம், மோரல் காளான் முளைக்கும் பருவமும்கூட. ஆக, எதிர்க்கரைப் புதரில் தூண்டிலோடு ஒருவர் இருக்கலாம், பின்னால் குனிந்து காளான் தேடும் ஒரு குடும்பம் இருக்கலாம். தண்ணீரில் பட்ட குண்டு தெறித்து எங்கேயும் போகும். சேவலின் நெஞ்சில் தாடி போலத் தொங்கும் இறகுக் கற்றை தெளிவாகத் தெரிந்து, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும்.

படகில் போனால் எந்தக் கரையிலும் இறங்கிவிடலாம் போலிருக்கும். அப்படியில்லை. கரையிலிருந்து சில அடி தூரத்திலேயே தனியார் நிலம் தொடங்கும் இடங்கள் உண்டு. மரத்தில் ஊதா நிறப் பெயின்ட் பட்டை தெரிந்தால் அதற்கு மேல் போகாதீர்கள். மிசௌரியில் அது "உள்ளே வராதே" என்ற பலகைக்குச் சமம். அடிபட்ட பறவை அந்தப் பக்கம் விழுந்தாலும் உரிமையாளரைக் கேட்டுத்தான் எடுக்க முடியும்.

பறவை கிடைத்துவிட்டால் ஆரஞ்சுத் துணியில் சுற்றித் தூக்குங்கள், அது தோளில் தொங்கும்போதும் யாரோ ஒருவர் குறிபார்க்கலாம். அன்றிரவு 10 மணிக்குள் போனிலோ இணையத்திலோ மாநிலத் துறைக்குப் பதிவு செய்ய வேண்டும். கரையில் சிக்னல் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம். ஆனால் விடிகாலை 3 மணிக்கு எழுந்த உடம்பு, சாப்பிட்டு உட்கார்ந்தால் அப்படியே தூங்கிவிடும். வழியில் சிக்னல் வந்த முதல் பெட்ரோல் பங்கிலேயே முடித்துவிடுங்கள்.