மனைவி பெயரில் எஃப்டி போட்டால் வரி போய்விடாது

வருமான வரி ரிட்டர்ன் சீசன் வந்தால் நாகர்கோவிலில் என் ஆபீஸுக்கு இதே கதை வந்துவிடும். இந்த முறை மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் வியாபாரி. 40 லட்சத்தை மனைவி பெயரில் எஃப்டி போட்டு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று தரும் 15ஜி படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி வங்கியில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார். இப்போது நோட்டீஸ். "மனைவிக்குக் கொடுக்கிற கிஃப்டுக்கு வரி கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்களே சார்?"

கிஃப்டுக்கு வரி கிடையாதுதான். அந்தப் பணத்துக்கு வரும் வட்டிக்கு உண்டு, அதுவும் உங்கள் கணக்கில். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கணவன் சும்மா கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வருமானம் கணவனுடைய வருமானத்தோடு சேரும். மனைவி கொடுத்தால் மனைவியுடையதோடு. 1961 வருமான வரிச் சட்டத்தில் 64ஆம் பிரிவு. 2026 ஏப்ரலில் வந்த புதுச் சட்டத்திலும் இந்த விதி போகவில்லை. எஃப்டி யார் பான் எண்ணில் இருக்கிறது என்பதெல்லாம் பேச்சே இல்லை. 7 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,80,000 ரூபாய் வட்டி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 87,360 ரூபாய் வரி. வாடகைக்கு விட்ட வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைத்தாலும் இதே கதைதான்.

"இது நியாயமா சார்?" என்றார். எனக்கும் உறுத்தும். 2025-26 முதல் புதிய வரி முறையில், ஆளுக்கு 12 லட்சம் சம்பளம் வாங்கும் தம்பதிக்கு வரியே இல்லை. வீட்டில் ஒருவர் மட்டும், சம்பளக் கழிவு போக 24 லட்சம் காட்டினால் 3,12,000 ரூபாய். அதே தொகை காட்டும் ஒண்டிக்கட்டைக்கும் அதே வரிதான். கல்யாணம் ஆனவனுக்குச் சலுகை என்று அவர்கள் புலம்ப வேண்டாம். வரி போடும்போது தனித்தனி ஆள், பணத்தை மாற்றினால் மட்டும் புருஷன் பெண்டாட்டி! கோவாவில் பழைய போர்ச்சுகீசிய சிவில் சட்டத்தின் புண்ணியத்தில், சம்பளம் தவிர்த்த வருமானத்தைத் தம்பதி பாதிப்பாதியாகக் காட்டலாம். நமக்கு அது இல்லை. இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கு, அதாவது குடும்பத்தையே தனி ஆளாகக் காட்டி வரி கட்டுவது? என்னிடம் வருபவர்களில் பலர் கிறிஸ்தவர்கள், அந்தக் கதவே அவர்களுக்குக் கிடையாது. இந்துக்களும் சொந்தப் பணத்தை அதில் போட்டுத் தப்ப முடியாது.

சரி, என்ன செய்யலாம்? மனைவி வேலைக்குப் போகிறாரா? வீட்டுச் செலவு உங்கள் சம்பளத்தில் ஓடட்டும், அவர் சம்பளம் சேமிப்புக்குப் போகட்டும். அப்பா வீட்டிலிருந்து அவருக்கு வந்த பணம், நகை அவருடையதே; அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள். கலந்துவிட்டால் பிரிப்பது என் தலைவலி. உங்கள் பணத்தின் வட்டியை அவர் மறுபடி முதலீடு செய்தால், அதில் வருவது அவருடைய வருமானம். ஏற்கெனவே எஃப்டி போட்டவர்கள் நோட்டீஸுக்குக் காத்திராமல் வட்டியை உங்கள் ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.

அப்புறம் அக்காமாரே, வீட்டுக்காரர் நீட்டும் வங்கிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது நீங்கள் தரும் உறுதிமொழி, பொய் என்றால் கேள்வி உங்களுக்குத்தான் வரும்.