கல்லடைப்போடு காய்ச்சல் வந்தால்

எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுக வாசலுக்குக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், கழிப்பிடம் இல்லையென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். காசிமேட்டு மீனவர்களுக்கோ வெயிலும் வியர்வையும். சிறுநீர் கெட்டியாகிறது, அதிலுள்ள கால்சியமும் ஆக்ஸலேட்டும் படிகமாகிக் கல்லாகின்றன. அதனால் வடசென்னையில் யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவம்) மேற்படிப்பு படிக்கும் மருத்துவர், இரவுப் பணியில் கல்லடைப்பை நன்றாகக் கற்றே ஆகவேண்டும்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம், 3 முதல் 4 மி.மீ. அகலம். சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்பு ரத்தக்குழாயைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பையில் நுழையும் இடம் என மூன்று குறுகல்களில் கல் சிக்கும். கல் கீறுவதைவிட, பின்னால் தேங்கும் சிறுநீரின் அழுத்தமே வலிக்கு முக்கியக் காரணம். நோயாளி ஒரு நிலையில் இருக்கமாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். அசையாமல் படுத்திருந்தால் வயிற்றுக்குள் வேறு கோளாறா என்று பார்க்க வேண்டும். பையருகே கல் சிக்கினால் அடிக்கடி சிறுநீர் முட்டும், எரியும். சூடு என்று சொல்லி மோர் குடித்துக்கொண்டே நாளைக் கடத்துவார்கள்.

கல்வலி போலவே தோன்றும் வேறு வலிகளும் உண்டு. சிறுவன் அடிவயிற்று வலி என்று வந்தால் விரையைத் தொட்டுப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. முறுக்கிக்கொண்ட விரையைக் காப்பாற்றச் சுமார் 6 மணி நேரம்தான் உண்டு. 60 வயதைத் தாண்டியவருக்கு முதன்முறையாக விலாவலி வந்தால் வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியின் வீக்கத்தை நினைக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் சிறுநீரக வீக்கம் தெரியும். குழாயின் நடுப்பகுதியைக் குடல் வாயு மறைத்துவிடும். சாயம் செலுத்தாத சிடி ஸ்கேன் கல்லின் இடத்தையும் அளவையும் காட்டும். வலிக்கு டைக்ளோஃபினாக் 75 மி.கி. ஊசி, சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு அது ஆகாது. சலைனை வேகமாக ஏற்றிக் கல்லைத் தள்ளிவிட முடியாது. 5 மி.மீ.க்கும் சிறிய கல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கும்.

குளிர்நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் கணக்கே வேறு. அடைபட்ட சிறுநீரகத்துக்குள் ஆன்டிபயாடிக் சரியாகப் போய்ச்சேராது. உள்ளே ஏறும் அழுத்தம் கிருமியை ரத்தத்துக்குள் தள்ளும். காலைவரை காத்திருக்கவே கூடாது. சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்தோ, முதுகுப்புறம் ஊசி வழியே குழாய் செருகியோ உடனே வடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கல்லை உடைக்கப் போனால், உள்ளே பாய்ச்சும் நீர் அழுத்தத்தை இன்னும் கூட்டும். தொற்று அடங்கிய பிறகுதான் கல். சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்ததென்று ஏமாறுபவர்கள் உண்டு: அடைபட்ட பக்கத்துச் சீழ் கீழே வருவதில்லை, மறுபக்கச் சிறுநீர்தான் பாட்டிலில் விழுகிறது.

வைத்த ஸ்டென்டைப் பொதுவாக 3 மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும். வலி போனதும் ஆள் கடலுக்கோ சொந்த ஊருக்கோ போய்விடுவார். ஸ்டென்டின் மேல் கல் படிந்து, ஒரு நிமிட வேலை பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும். ஆகவே வெளியேறும் சீட்டில் ‘உள்ளே ஸ்டென்ட் இருக்கிறது’ என்று பெரிய எழுத்தில், எடுக்க வேண்டிய தேதியுடன் எழுதி, வீட்டார் ஒருவரின் கைபேசி எண்ணையும் பதிவேட்டில் வாங்கி வைக்க வேண்டும்.