சைக்கிள் 251: யோசிக்காமல் தாண்டக்கூடாத கட்டங்கள்

கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷினிங் சென்டரில், திரை கேட்கக் கேட்க எண்களை நிரப்பும் கன்வர்சேஷனல் புரோகிராமிங் எளிது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய்யில்லை. மசாக் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த மசாட்ரோல் ஆகட்டும், சீமென்ஸின் ஷாப்மில், ஃபேனக்கின் மேனுவல் கைடு ஐ, ஹைடன்ஹைனின் கிளார்டெக்ஸ்ட் ஆகட்டும், திரை கேட்கும் அளவுகளைக் கொடுத்தால் டூல் பாதையைக் கன்ட்ரோலே (மெஷினை ஓட்டும் கணினி) கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் கிளாம்ப் எவ்வளவு உயரம், ட்ராயிங்கில் அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறது. பழைய புரோகிராமிலிருந்து காப்பியான எண்ணைப் பார்க்காமலேயே என்டர் தட்டிக்கொண்டு போனால் ஜாப் ஸ்கிராப்பில்தான் முடியும்.

ஹைடன்ஹைன் டிஎன்சி 640 கன்ட்ரோலில் செவ்வகப் பாக்கெட்டுக்கான (குழிக்கான) சைக்கிள் 251-ஐ, அதாவது தயாராக இருக்கும் வெட்டு வரிசையை, பார்ப்போம். அது கேட்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் க்யூ என்று தொடங்கும் பெயர் உண்டு. அலுமினியம் 6061, பாக்கெட் 100 × 60, ஆழம் 20 மி.மீ., மூலை ஆரம் 6. ஆரம் 6 என்றதும் 12 மி.மீ. எண்ட்மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) எடுக்கக் கை போகும். எடுக்காதீர்கள். கட்டர் ஆரமும் மூலை ஆரமும் ஒன்றானால் கட்டர் மூலையில் வளைந்து போகாமல் நின்று திரும்பும். அந்த இடத்தில் சாட்டர் மார்க் (அதிர்வுத் தழும்பு) விழும். 10 மி.மீ. போதும். கார்பைடு கட்டர், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் சுமார் 6,300 ஆர்பிஎம். மூன்று ஃப்ளூட் (வெட்டும் பல்), பல்லுக்கு 0.06 மி.மீ. என்று வைத்தால் ஃபீட் (கட்டர் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1,130 மி.மீ. வரும்.

முதலில் க்யூ367, பாக்கெட்டின் நிலை. 0 என்றால் டூல் நிற்கும் புள்ளி பாக்கெட்டின் மையம். 1 என்றால் கீழ் இடது மூலை. ட்ராயிங் மூலையிலிருந்து அளவு கொடுத்திருக்க, இங்கே 0 இருந்தால் பாக்கெட் எக்ஸில் 50, ஒய்யில் 30 மி.மீ. தள்ளிப்போய் விழும். சிமுலேஷனில் பாக்கெட் அழகாகத்தான் தெரியும். இடம் மாறியிருப்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

க்யூ201, ஆழம். மைனஸ் 20 என்று கொடுக்க வேண்டும். மைனஸ் விட்டுப்போனால் கன்ட்ரோல் கணக்கைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு, மேற்பரப்புக்குக் கீழே ரேப்பிடில் (வெட்டாமல் நகரும் முழு வேகத்தில்) இறங்கக்கூடும். இதைப் பிழையாகக் காட்டி நிறுத்த ஒரு மெஷின் பாராமீட்டர் உண்டு. உங்கள் மெஷினில் அது ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 0 கொடுத்தால் சைக்கிள் ஓடவே ஓடாது.

க்யூ370-ஐப் பலர் விட்டத்தோடு பெருக்கிக்கொள்கிறார்கள். இது கட்டர் ஆரத்தோடு பெருக்கும் எண். 1 என்றால் 10 மி.மீ. கட்டருக்கு ஸ்டெப்ஓவர் (ஒரு பாதைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி) 5 மி.மீ.

க்யூ366, கட்டர் இறங்கும் விதம். 0 நேராக, 1 ஹெலிகல், 2 முன்னும் பின்னுமாகச் சரிந்து. மையம் வரை வெட்டாத எண்ட்மில்லை நேராக இறக்கினால் நடுவில் உலோகம் நின்று கட்டரின் அடி உடையும். ஹெலிகல்தான் நல்லது. அதற்கு டூல் டேபிளில் ஆங்கிள் என்ற பத்தியில் 0 அல்லாத கோணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் எரர் வரும். எரரைத் தொலைக்க க்யூ366-ஐ 0-வுக்கு மாற்றிவிடுவது பல ஷாப்களில் பழக்கமாகிவிட்டது. செய்ய வேண்டியது கோணத்தை நிரப்புவது.

ஃபினிஷிங்கில் ஒரு பொறி இருக்கிறது. க்யூ368 பக்க அலவன்ஸ் (ஃபினிஷிங்குக்கு விடும் மிச்சம்), க்யூ369 அடி அலவன்ஸ். ரஃபிங்கில் (முதல் கரட்டு வெட்டில்) 0.2, 0.1 என்று விட்டுவிட்டு, ஃபினிஷ் கட்டருக்கு அதே சைக்கிளைக் காப்பி செய்து க்யூ215-ஐ 2 (ஃபினிஷிங் மட்டும்) ஆக்குவோம். ‘இனி எதுவும் மிச்சம் வேண்டாமே’ என்று அலவன்ஸை 0 ஆக்கினால் ஃபினிஷிங் நடக்காது. அலவன்ஸ் குறிப்பிட்டிருந்தால்தான் அந்தப் பாஸ் ஓடும். இரண்டிலும் அதே எண்கள் இருக்கட்டும்.

க்யூ204, இரண்டாவது பாதுகாப்பு உயரம். மேற்பரப்புக்கு மேல் 35 மி.மீ. நிற்கும் கிளாம்ப் போல்ட்டுக்கு 20 கொடுத்தால், அடுத்த பாக்கெட்டுக்குப் போகும் வழியில் அதில் மோதும். 50 கொடுங்கள். பிளாக் ஃபார்மில் (கச்சாத் துண்டின் அளவைச் சொல்லும் வரியில்) கொடுத்த பீஸைத்தான் சிமுலேஷன் காட்டும்; வைஸும் கிளாம்ப்பும் அதில் இல்லை.

ஜி-கோடு என்னும் வரிவரியான கட்டளை மொழியிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: இந்தச் சைக்கிளை எழுதிவைத்தால் மட்டும் ஓடாது. இடத்துக்குப் போகும் வரியில் எம்99 போல அதை அழைக்கும் கட்டளை வேண்டும்.

துளைகளில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். துளையிடும் சைக்கிள் 200-இல் க்யூ395 0 என்றால் ஆழம் ட்ரில் நுனி வரை. எம்8 டேப்புக்கான (மரை வெட்டும் கருவிக்கான) 6.8 ட்ரில்லில், 118 டிகிரி நுனி சுமார் 2 மி.மீ. எடுத்துக்கொள்ளும். ப்ளைண்ட் ஹோலில் (மறுபக்கம் திறக்காத துளையில்) டேப் அடியில் இடித்து முறிவதற்கு அந்த 2 மி.மீ. போதும். க்யூ395-ஐ 1 (ஆழம் நுனி வரை அல்ல, முழு விட்டம் வரை) ஆக்குவதென்றால் டூல் டேபிளில் நுனிக் கோணத்தையும் நிரப்புங்கள்.

முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி), ரேப்பிட் ஓவர்ரைடைக் குறைத்து ஓட்டுங்கள். டூல் பீஸை நெருங்கும்போது ஃபீட் ஹோல்டு (நகர்வை நிறுத்தும் பட்டன்) போட்டு, திரையில் மீதி தூரத்தையும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். திரையில் 40, கண்ணில் 10 என்றால் டூல் நீளமோ டேட்டமோ (அளவுகளின் தொடக்கப் புள்ளி) தவறு. ஓடி முடிந்து பாக்கெட் 100-க்குப் பதில் 99.96 இருந்தால் க்யூ218-ஐ (பாக்கெட்டின் நீளம்) தொடாதீர்கள்; டூல் டேபிளில் டிஆர்-ஐ (கட்டர் ஆரத் திருத்தம்) மைனஸ் 0.02 ஆக்குங்கள். பிளஸ் போட்டால் அடுத்த பீஸ் 99.92 ஆகும்.