இறக்கையின் இடுக்கை எப்போது அடைப்பது?

தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மலையகத்து லயங்களில் கூரைத் தகரங்களின் மேல் கல்லும் மணல் மூட்டையும் ஏறிவிடும். காற்று தகரத்தை மேலிருந்து பிடுங்குவதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் கூரைக்கு மேல் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், வீட்டுக்குள் இருக்கும் காற்று தகரத்தைக் கீழிருந்து நெம்புகிறது. விமான இறக்கையைத் தூக்குவதும் இதே அழுத்த வேறுபாடுதான்.

அந்த வேறுபாடு நாம் நினைப்பதைவிடச் சிறியது. ஒருவர் தன் கொட்டகையிலேயே ரிவெட் அடித்துக் கட்டும் இருவர் விமானம் ஒன்று 700 கிலோ எடையும் 10 சதுர மீற்றர் இறக்கையும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சதுர மீற்றரும் 70 கிலோவைச் சுமக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 690 பாஸ்கல் போதும். கடல் மட்ட வளிமண்டல அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இறக்கையில் ஓர் இடுக்கு இருந்தால், உராய்வைச் சேர்க்காமல் கணக்கிட்டால், இந்த வேறுபாடே காற்றை மணிக்குச் சுமார் 120 கிலோமீற்றர் வேகத்தில் மேல்நோக்கிப் பீய்ச்சும். அது மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றோட்டத்தைக் குலைக்கும். தூக்குவிசை குறையும், விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் இழுவிசை கூடும்.

1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குதான். அதே தூக்குவிசைக்கு விமானம் பத்து சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். இதைக் கேட்டதும், கட்டும்போதே எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடலாம் என்று தோன்றும். அவசரம் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இறக்கை உடலோடு சேரும் இடத்தை முதலில் பார்ப்போம். பல விமானங்களில் எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும் அங்கேதான் கடக்கின்றன. இறக்கையின் கோணம் இறுதியாகச் சரிசெய்யப்பட்டு, பெயின்ட் அடித்து, குழாய் இணைப்புகளில் கசிவு இல்லை என்று உறுதியான பிறகே அங்கே இறப்பர் பட்டி போக வேண்டும். முன்பே மூடினால் கசிவு கண்ணுக்குத் தெரியாது. பெயின்டின் தடிப்பு சேர்ந்ததும் பட்டி இறுகி மடங்கும்.

இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் ஏலரான்களின் கதை வேறு. அங்கே ஒட்டும் நாடா காற்றின் கசிவை மட்டுமல்ல, விமானியின் கைக்குத் தெரியும் விசையையும் மாற்றும். கீலுக்குப் பின்னால் கூடும் சிறு எடைகூட ஏலரானின் சமநிலையைக் கெடுக்கலாம். அது அதிவேகத்தில் இறக்கையை உடைக்கவல்ல படபடக்கும் அதிர்வுக்கு வழிவிடும். ஆகவே வடிவமைப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் இங்கே கை வைக்கக்கூடாது. சில இடுக்குகள் வேண்டுமென்றே விடப்பட்டவை. தரையிறங்கும்போது கீழே மடங்கும் சிலவகை மடல்களின் முன்னால் இருக்கும் பிளவு, கீழிருந்து வரும் காற்றை மேற்பரப்பில் பாய்ச்சி ஓட்டத்தைப் பிரியாமல் காக்கிறது. அதை அடைப்பது வேலை செய்யும் உறுப்பை முடக்குவதாகும்.

முதலில் அடைக்காமலே பறக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படிச் சொந்தமாகக் கட்டும் விமானங்களுக்கு வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரச் சோதனைப் பறப்பு விதிக்கப்படுகிறது. அந்த மணிநேரங்கள் இதற்கும் உதவும். காற்று அமைதியான காலையில் ஒரே உயரம், ஒரே எஞ்சின் சுழற்சி, ஒரே எடையில் எதிரெதிர்த் திசைகளில் பறந்து ஜிபிஎஸ் வேகங்களின் சராசரியை எடுக்க வேண்டும். விமானம் எந்த வேகத்தில் தூக்குவிசையை இழக்கிறது என்பதையும் பாதுகாப்பான உயரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு ஓர் இடுக்கை மட்டும் அடைத்து மறுபடி அளக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தவருக்கு எது பலன் தந்தது, எது தொல்லை தந்தது என்பது தெரியாது.

மலையகத்தில் ஒட்டுபவர் ஈரத்தையும் குளிரையும் கவனிக்க வேண்டும். பனிமூட்டம் படிந்த அலுமினியத்தில் பசை பிடிக்காது. தகட்டைத் துடைத்து, உலர்த்தி, வெயில் ஏறிய பிறகு ஒட்ட வேண்டும். 3 மீற்றர் நீள அலுமினிய ஏலரான் 20 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றர் நீளும் அல்லது சுருங்கும். நண்பகலில் தாராளமாக அசையும் ஏலரான், விறைத்த இறப்பரோடு குளிர்ந்த விடியலில் உரசக்கூடும். ஒட்டிய மறுநாள் விடியலிலேயே அதை மேலும் கீழும் கடைசி எல்லைவரை தள்ளி, உரசல் இருக்கிறதா என்று கையால் உணர்ந்து பார்க்க வேண்டும். மழைநீர் வழிந்தோடும் துளைகளை நாடா மூடியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.