துடைக்காமல் காயும் கண்ணாடி: தண்ணீர்த் தள்ளுவண்டி கட்டும் முறை

ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணீரை விட்டுப் பாருங்கள். சொட்டு முதலில் காய்வது விளிம்பில்தான். அங்கே ஆவியாகிப் போனதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி நகரும். தன்னில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு முதலான உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் தண்ணீர் மறைந்து, உப்பு மட்டும் வெள்ளை வளையமாக நிற்கும். பக்கெட்டிலும் குழாயடியிலும் படியும் அதே வெள்ளைதான் இது.

லண்டன் பகுதிக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பு இருப்பது சாதாரணம். சுண்ணப்பாறையில் ஊறி வரும் தண்ணீர் அது. கழுவி முடித்த ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 30 மில்லி தண்ணீர் ஒட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது காய்ந்தால் 9 மில்லிகிராம் உப்பு மிஞ்சும். வெயில் பட்டதும் பளிச்சென்று தெரிய அது தாராளம். அதே தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 5 மில்லிகிராமாக இருந்தால் மிஞ்சுவது 0.15 மில்லிகிராம். கண்ணுக்குத் தெரியாது, துணி வேண்டாம், வைப்பர் வேண்டாம், அப்படியே காயவிடலாம்.

பிரிட்டனில் ஜன்னல் கழுவுகிறவர்களில் ஏராளமானோர் இன்று நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான். 2005 ஏப்ரல் 6 அன்று அங்கே உயரத்தில் வேலை செய்வதற்கான விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. ஏணியை அவை தடை செய்யவில்லை. ஆனால் தரையில் நின்றே செய்ய முடிகிற வேலைக்கு மேலே ஏறக்கூடாது என்பது அவற்றின் முதல் நிபந்தனை. நீண்ட கம்பு, நுனியில் பிரஷ், பிரஷுக்குள் தண்ணீர்க் குழாய் என்ற ஏற்பாடு அதற்குப் பின் வேகமாகப் பரவியது. வேனிலிருந்தே ஹோஸ் இழுக்க முடிந்தால் நல்லது. ஆனால் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளின் பின்புறத்துக்கு ஒரு சந்து வழியாகத்தான் போக முடியும். தண்ணீர்க் கேன், பம்ப், பேட்டரி மூன்றையும் ஏற்றிய தள்ளுவண்டி வேண்டியிருப்பது அங்கேதான். கடையில் விற்கும் வண்டியில் இருப்பதும், தனித்தனியாக வாங்கிக் கையால் சேர்ப்பதும் ஏறக்குறைய அதே பாகங்கள். கையால் கட்டியதில் இன்னொரு லாபம் உண்டு: எது கெட்டாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்பது கட்டியவருக்குத் தெரியும்.

முதலில் தண்ணீர். அதை வீட்டிலேயே சுத்திகரித்து, கேனில் நிரப்பி எடுத்துப் போவது எளிது. வண்டியும் இலகுவாக இருக்கும். கடைசிக்கட்டச் சுத்திகரிப்பைச் செய்வது அயனிப் பரிமாற்ற ரெசின். ஜவ்வரிசியைவிடச் சிறிய மணிகள். இரண்டு வகை கலந்திருக்கும். ஒரு வகை கால்சியம், மெக்னீசியம், சோடியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும். மற்றது குளோரைடு, சல்பேட், பைகார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். ஒரு லிட்டர் ரெசின், நடைமுறையில், 20 முதல் 25 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான உப்பைத் தாங்கும். ஆக 10 லிட்டர் ரெசின் உள்ள உருளை, 300 பிபிஎம் (லிட்டருக்கு 300 மில்லிகிராம்) தண்ணீரில் ஏறக்குறைய 700, 800 லிட்டரில் தீர்ந்துவிடும். நாளுக்கு 200 லிட்டர் செலவானால் நான்கு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. அதே தண்ணீரை முதலில் ஆர்ஓ சவ்வு வழியாக விட்டு 15 பிபிஎம்முக்கு இறக்கிவிட்டால், அதே ரெசின் 13,000 லிட்டரைத் தாண்டும். கட்ரின் ஏரித் தண்ணீர் வரும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ போன்ற ஊர்களில் இந்தக் கவலை இல்லை. அங்கே தண்ணீர் மிக மென்மையானது, ரெசின் மட்டுமே கட்டுப்படியாகும். ஆர்ஓ வைத்தால் அதற்கு முன்னால் கார்பன் ஃபில்டர் அவசியம். குளோரின் அந்தச் சவ்வை அரித்துவிடும்.

ரெசின் உருளையில் நிமிடத்துக்கு 3 முதல் 5 லிட்டருக்கு மேல் விடாதீர்கள். வேகம் கூடினால் தண்ணீர் மணிகளோடு போதிய நேரம் தங்காது. உப்பு பிடிபடாமல் நழுவும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 10 பிபிஎம் தாண்டினால் ரெசினை மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அது அளப்பது மின்கடத்தலை. உப்பின் அளவை அதிலிருந்து ஊகித்துச் சொல்கிறது. மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாத சிலிக்கா அதன் கண்ணில் படாது. ரெசின் தளரும்போது முதலில் நழுவுவதும் சிலிக்காதான். மீட்டர் பூஜ்யம் காட்டியும் கண்ணாடியில் புள்ளி விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது இதை. ரெசின் தீர்ந்துவிட்டால் மீன் வாடை அடிப்பதும் உண்டு. குளோரைடு போன்ற எதிர் அயனியைப் பிடிக்கும் மணிகளிலிருந்து கசியும் அமைன் என்ற வேதிப்பொருளின் வாடை அது. ரெசின் நன்றாக இருக்கும்வரை மற்ற வகை மணிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இனி வண்டி. குடோனில் மூட்டை தள்ளும் இரண்டு சக்கர வண்டியே இதன் சட்டகம். காற்று அடைக்கும் 10 அங்குலச் சக்கரம் இருந்தால் நடைபாதை விளிம்பில் ஏறும். சிறிய ரப்பர் சக்கரம் சரளைக்கல்லில் புதையும். அடித்தட்டில் 25 லிட்டர் கேன் தட்டாமல் உட்கார வேண்டும், ஆகவே தட்டை அளந்துவிட்டுப் பிறகு வாங்குங்கள். பேட்டரியும் பம்பும் இருக்கும் பெட்டியை முதுகுப்புறச் சட்டத்தில், அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்டவும். கைக்கு எட்டட்டும் என்று பேட்டரியைக் கைப்பிடிக்குக் கீழேயே மாட்டினால், கேன் காலியான நேரத்தில் வண்டி மேல்கனத்தில் கவிழும். பெட்டியின் அடியில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். எவ்வளவு மூடினாலும் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் வெளியேற வேண்டும். நிறைந்த கேன் 25 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கி வைப்பதைவிட, கேனை வண்டியிலேயே விட்டு ஹோஸால் நிரப்பினால் முதுகு தப்பிக்கும்.

பம்ப், 12 வோல்ட் டயஃப்ரம் வகை, அதாவது உள்ளே ஒரு சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளுவது. நிமிடத்துக்கு 5 லிட்டர், 100 பிஎஸ்ஐ (ஏறக்குறைய 7 பார்) அழுத்தம். இவ்வளவு அழுத்தம் எதற்கு என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கண்ணாடிக்கு நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் போதும். மாடி ஜன்னலுக்கு 6 மீட்டர் உயர்த்த 0.6 பார். 30 மீட்டர் ஹோஸ், உள்விட்டம் 8 மி.மீ. என்றால் உராய்வில் 0.2 பார், 6 மி.மீ. என்றால் 0.7 பார். கம்புக்குள் ஓடும் 5 மி.மீ. குழாய் 8 மீட்டருக்கு 0.45 பார். பிரஷில் இரண்டு 2 மி.மீ. துளைகளுக்கு 0.1 பார். எல்லாம் சேர்த்தாலும் 2 பாரைத் தொடாது. அதாவது 30 பிஎஸ்ஐக்கும் கீழே. பம்பின் உச்சமோ 7 பார். அந்த உச்சம் ஜன்னலை எட்டுவதே இல்லை. ஹோஸ் எங்காவது மடங்கும்போதோ, கம்பில் வால்வை மூடும்போதோதான் அது தலை காட்டும், அப்போது தாங்க வேண்டியவை இணைப்புகள். வேலை நடக்கும்போது ஒழுகாத இணைப்பு, வால்வை மூடிய அடுத்த நொடியில் பிடுங்கிக்கொள்வது இதனால்தான். பம்புக்குப் பிந்திய ஒவ்வொரு இணைப்புக்கும் கிளாம்ப் போடுங்கள். வண்டியைக் கட்டி முடித்ததும் வால்வை மூடி, பம்ப் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, ஐந்து நிமிடம் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள்.

பம்புக்கு முந்திய பக்கம் வேறு உலகம். அங்கே இருப்பது உறிஞ்சல். கசிவு இருந்தாலும் சொட்டாது. தண்ணீர் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். பம்ப் ஓடுகிறது, சத்தம் மாறுகிறது, பிரஷில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது, எங்கும் ஈரமில்லை. பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிப் போடப்படும் பம்புகளில் பல நல்ல பம்புகள். குற்றவாளி தளர்ந்த ஒரு கிளாம்ப் அல்லது சரியாகச் சுற்றாத டெஃப்லான் டேப். உறிஞ்சும் ஹோஸ் 12 மி.மீ., உள்ளே நூல் பின்னியதாக, அரை மீட்டருக்கு மிகாமல் இருக்கட்டும். மெல்லிய ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கேனுக்குள் இறங்கும் குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் அடியில் போய் அட்டைப்பூச்சி போல ஒட்டும். பம்பின் வாயில் வலை ஃபில்டர் கட்டாயம். ஒரே ஒரு பிளாஸ்டிக் சீவல் உள்வால்வில் சிக்கினாலும் அழுத்தம் ஏறாது.

கேன் மூடியில் 4 மி.மீ. காற்றுத்துளை மறந்துபோகும் விஷயம். துளை இல்லாவிட்டால், 5 லிட்டர் போனதும் கேனின் பக்கங்கள் மெல்ல உள்ளே குழியும். பிறகு டப்பென்ற சத்தத்தோடு ஒரு பக்கம் மடங்கும், நீரோட்டம் தேயும். மூடியைத் திருகினால் காற்று சீறிக்கொண்டு உள்ளே போவது கேட்கும்.

பம்பில் இருக்கும் அழுத்த சுவிட்ச் மட்டும் போதாது. 5 லிட்டர் தள்ளும் பம்பை ஒன்றரை லிட்டருக்கு வால்வால் நெரித்தால், அழுத்தம் ஏறும், சுவிட்ச் அணைக்கும், அழுத்தம் இறங்கும், மறுபடி போடும், நொடிக்குப் பலமுறை. சுவிட்சின் முனைகள் கருகிப்போகும். அதற்காகத்தான் கன்ட்ரோலர். அது மின்சாரத்தை மிக வேகமாக வெட்டி வெட்டிக் கொடுத்து மோட்டாரை மெதுவாக ஓட்டும். வால்வை மூடியதும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் உயர்வதைக் கண்டு நிறுத்தியும்விடும். இந்த உணர்திறனை உங்கள் ஹோஸுக்கு ஏற்பத் திருத்தி வைக்க வேண்டும். நீளமான 6 மி.மீ. ஹோஸின் உராய்வையே மூடிய வால்வு என்று எண்ணி நின்றுவிடும் கன்ட்ரோலர் உண்டு. ஆகவே 8 மி.மீ. ஹோஸே மேல், கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

பேட்டரி: பம்ப் சராசரியாக 3 ஆம்பியர் இழுக்கிறது, நாளில் மூன்று மணி நேரம் உண்மையாக ஓடுகிறது என்றால் 9 ஆம்பியர்-மணி. ஈய-அமில வகையைப் பாதிக்கு மேல் வடிக்கக்கூடாது, ஆகவே குறைந்தது 18, கொஞ்சம் கையிருப்போடு 22 ஆம்பியர்-மணி வேண்டும். எடை 7 கிலோ அளவில். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 12 ஆம்பியர்-மணி போதும், எடையும் மிகக் குறைவு. ஆனால் அதைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது, செல் பாழாகும். பனிக்கால இரவில் வேனில் விட்டுச் சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் இதை யோசித்து வாங்குங்கள். வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது. நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 10 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். ஃபியூஸ் பம்பைக் காப்பதற்கல்ல. ஈரப்பெட்டியில் வயர் உரசிக் குறுக்குச்சுற்று ஆனால் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. அதை பம்பின் பக்கத்தில் வைத்தால், இடையில் இருக்கும் வயருக்குக் காவல் இல்லை.

சுத்தமான தண்ணீருக்குக் கரைக்கும் பசி அதிகம். இரும்பு, துத்தநாகம் பூசிய இணைப்புகளை வண்டியில் எங்கும் சேர்க்க வேண்டாம். பித்தளையில் ஓடிப் போவதால் பாதகமில்லை. இரவெல்லாம் தேங்கி நின்ற தண்ணீரை மட்டும் காலையில் முதல் அரை நிமிடம் தரையில் விட்டுவிடுங்கள். குளோரின் நீங்கிய தண்ணீர் என்பதால் கேனில் கிருமி வளரத் தடையும் இல்லை. 20 முதல் 45 டிகிரிக்குள் தேங்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். பிரஷிலிருந்து தெறிக்கும் நுண்துளியை மூச்சில் இழுப்பதுதான் அதில் ஆபத்து. ஒளி புகாத கேன், நிழல், வாரக்கடைசியில் முழுதாகக் காலி செய்து காயவைத்தல் ஆகிய மூன்றும் வேண்டும்.

உறைபனி இரவில் நிலைமை தலைகீழ். பம்புத் தலைக்குள் நிற்கும் சில மில்லி தண்ணீரே உறைந்து விரிந்து பிளாஸ்டிக்கை உடைக்கப் போதும். மாலையில் உறிஞ்சும் குழாயைக் கேனிலிருந்து எடுத்துக் காற்றில் பிடித்து, பிரஷ் வாயில் தண்ணீர் தீர்ந்து வெறும் காற்று வரும்வரை பம்பை ஓட்டி நிறுத்துங்கள். 8 மி.மீ. ஹோஸ் 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர் நிற்கும்; அது தீர ஒரு நிமிடம் ஆகும். பிறகு ஹோஸைக் கழற்றி, பம்பின் இரு வாயும் திறந்தபடி வண்டியைச் சாய்த்து வைக்கவும். ரெசின் உருளையையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். உறைந்தால் மணிகள் வெடித்து உடையக்கூடும், அந்தத் தூள் அடுத்த நாள் பிரஷின் துளையில் வந்து நிற்கலாம்.